மனைவியின் லாகினில் சுற்றிய வட்டம்

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் மனைவி வி.ஏ.ஓ. நில ஆவண மென்பொருளை எழுதியவர்களில் நானும் ஒருவன். அது படுத்தினால் எனக்குத் திட்டு வீட்டிலேயே கிடைத்துவிடும்.

அன்று சம்பாப் பயிர் இன்சூரன்சுக்குக் கடைசி நாள். மனைவியின் மேசை முன் ஓர் அக்கா நின்றிருந்தார். நில உச்சவரம்புச் சட்டத்தில் அரசு எடுத்த நிலத்தில் அவர் மாமனாருக்குக் கிடைத்த துண்டுதான் அவர்கள் வயல். முந்தின வருஷப் பயிரை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. வயலில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் நகல் இருந்தால்தான் கூட்டுறவுச் சங்கத்தில் பிரீமியம் கட்ட முடியும். திரையிலோ வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

சாப்பாடு கொண்டுபோயிருந்த நான், பெரிய மனுஷத் தோரணையில் லேப்டாப்பைத் திறந்து அக்காவின் பெயரை அடித்தேன். உடனே வந்தது.

"பாரு, நல்லாத்தானே ஓடுது?"

"உங்களுக்கு ஓடும். மாப்பிள்ளைக்கு மொத எலை. என் லாகின்ல எடுத்தாத்தான் கையெழுத்து விழும், அதுல பாருங்க."

பார்த்தேன். வட்டம் எனக்கும் மரியாதை தரவில்லை.

மாவட்டத்து நிலமெல்லாம் ஒரே அட்டவணையில் இருந்தது. ஒவ்வொருவரும் தம் கிராமத்து வரிசைகளை மட்டும் பார்க்க, அட்டவணைக்குள்ளேயே காவல் போட்டிருந்தோம். மென்பொருள் எழுதிய எங்கள் லாகினுக்குக் காவல் கிடையாது. தேடல் நேரே பெயரிடம் போனது. மனைவிக்கோ காவலைத் தாண்டிய பிறகுதான் பெயரையே பார்க்கலாம். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணக் கூட்டத்தில் சித்தப்பாவைத் தேடுபவன், எதிர்ப்படும் ஒவ்வொருவரிடமும் "எந்த ஊர்?" என்று கேட்பதோடு, ஒவ்வொரு தடவையும் வாசலுக்கு ஓடி "நான் எந்த ஊர்?" என்றும் விசாரித்து வந்தால் எப்படி? அதைத்தான் என் படைப்பு பணிவோடு செய்துகொண்டிருந்தது.

"இன்னிக்கு மட்டும் காவலைத் தூக்கிடவா? எல்லா ஊர் நெலமும் எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான்."

மனைவி வாயைத் திறக்குமுன் அக்கா பதறினார். "வேணாம் தம்பி! பக்கத்தூர்க்காரங்களுக்கு ஏற்கெனவே எங்க நெலத்து மேல கண்ணு."

போனில் ஆபீஸ் அனுமதி வாங்கிக் காவல் விதியைத் திருத்தினேன். "நான் எந்த ஊர்?" என்பதை ஆரம்பத்தில் ஒரே தடவை கேட்டால் போதும் என்று ஆக்கினேன்; எந்த ஊர் வரிசைகள் எங்கே என்று காட்ட, கிராம எண்ணுக்கு ஓர் இண்டெக்ஸும் போட்டேன். இனி அந்த ஊர் வரிசைகளை மட்டும் எடுத்து, அவற்றுக்குள் பெயரைத் தேடும். மனைவி பட்டனை அழுத்தினாள். பிரிண்டர் முனகியது. அவள் என் கையை மேசைக்கடியில் அழுத்தினாள். அதற்கு முன் ஒரு கொட்டும் வைத்தாள்.

சங்கத்துக்கு அக்காவை ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். மழை பிடித்துக்கொண்டது. வேகத்தையே கண்டுபிடித்தவன் போல முறுக்கினேன்.

"மெதுவா தம்பி! இன்சூரன்ஸ் பயிருக்குத்தான், எனக்கில்ல."

கவுன்டர் மூடுமுன் கட்டிவிட்டார். ரசீதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார்.

"இப்ப பேயட்டும்," என்றார்.