கறுப்புப் பட்டை போட்ட கலியாண அட்டை

நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் சில வடிவமைப்பாளர்கள் பூவையும் கொடியையும் அச்சுத்தாளிலிருந்து துரத்திவிட்டார்கள். அலங்காரம் எதுவும் இல்லாத மொட்டை எழுத்து, தடித்த கறுப்புப் பட்டை, ஒரு சிவப்பு வட்டம், மிச்சமெல்லாம் வெறும் வெள்ளை. ரொறன்ரோவில் வடிவமைப்புப் படித்த காலத்திலிருந்தே எனக்கு அவர்கள்மேல் பைத்தியம். அப்படிப்பட்டவள் என் கலியாண அட்டையில் பிள்ளையாரையும் குத்துவிளக்கையும் போடுவேனா?

நானே செய்தேன். மேலே குறுக்காக ஒரு கறுப்புப் பட்டை. அதன் கீழே எங்கள் இருவரின் கறுப்புவெள்ளை முகங்கள், பெயர்கள், பெரிதாகத் தேதி. 'திருமணம்' என்ற சொல்லை, அந்தக் காலத்துச் சுவரொட்டிகளில் செய்ததுபோல, ஓரத்தில் செங்குத்தாகப் பொடி எழுத்தில் நிறுத்தினேன். நல்ல காரியத்துக்குக் கறுப்பு வேண்டாம் என்றார் அம்மா. நான் அவருக்கு ஐரோப்பிய நவீனத்துவம் பற்றி வகுப்பெடுத்தேன்.

அட்டையைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டு, போனின் சத்தத்தை நிறுத்திக்கொண்டு மீட்டிங்குக்குப் போனேன். வெளியே வந்தபோது பெரியப்பாவின் அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன. அப்பா போன பிறகு என்னை வளர்த்தவர் அவர். பிக்கரிங்கில் மகன் வீட்டில் இருக்கிறார். போன வருடம்தான் இருதயத்தில் ஆபரேஷன். திருப்பி அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன், எடுக்கவில்லை.

குழுவைத் திறந்தேன். என் அட்டைக்குக் கீழே சொந்தக்காரர்கள் கும்பிட்ட கைகளாகப் போட்டிருந்தார்கள். வாழ்த்துக்கும் அந்தக் கைதான், துக்கத்துக்கும் அந்தக் கைதான். என் அட்டைக்கு மேலே, மோர்னிங்சைட்டில் இறந்துபோன ஓர் அன்ரியின் மரண அறிவித்தல் கிடந்தது. கறுப்புப் பட்டை, முகம், பெயர், தேதி.

பெரியப்பா கண்ணாடி போடாமல் போன் பார்க்கிற மனிதர். இரண்டு முகம், ஒரே தேதி. நாங்கள் ஒன்றாகக் காரில் போய் அடிபட்டுச் செத்தோம், அந்தத் தேதியில் எங்களை எரிக்கப்போகிறார்கள் என்றல்லவா நினைத்திருப்பார்.

பிக்கரிங்குக்குக் காரை எடுத்தேன். 401 நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஊர்ந்தன. பெரியப்பாவின் மகனுக்கு அடித்தேன். அவர் வேலையில் இருந்தார், கதவைத் திறக்கும் இலக்கத்தைச் சொன்னார். அந்த நெஞ்சு தாங்காது, தாங்காது என்று அழுதுகொண்டே ஓட்டினேன். எப்போதோ செத்துப்போன ஜெர்மன்காரர்களையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

வீட்டில் ஆள் இல்லை. போன் சாப்பாட்டு மேசையில் இருந்தது, பக்கத்தில் மடித்த கண்ணாடி. வெளியே பனி கொட்டியது, அவருடைய ஜாக்கெட்டோ கொழுவியில் தொங்கியது. குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். அங்கே இல்லை. பேஸ்மென்ட் படிகளில் விழுந்து கிடக்கிறாரோ என்று எட்டிப் பார்க்கவே பயந்துகொண்டு நின்றபோது, டோர்செட் பார்க்கில் உள்ள தன் வீட்டிலிருந்து அம்மா அழைத்தார்.

"பெரியப்பா டாக்ஸி பிடிச்சு வந்திருக்கிறார் பிள்ளை. ஒண்டும் கதைக்கிறார் இல்லை. என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறார். எனக்குப் பயமாக் கிடக்கு."

எங்கள் ஆட்கள் தனியாக இருக்கிற தாய்க்குப் பிள்ளையின் சாவைப் போனில் சொல்லமாட்டார்கள். ஒருவர் நேரே போய், பக்கத்தில் இருந்து, ஒரு மிடறு தேத்தண்ணியாவது குடிக்கவைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அந்த வேலையை வேறு யாரிடமும் விடாமல், ஜாக்கெட்டும் போடாமல், பெரியப்பா புறப்பட்டுப் போயிருக்கிறார்.

போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். மூச்சு மட்டும் கேட்டது.

"பெரியப்பா, நான்தான். உயிரோடைதான் இருக்கிறன். உது கலியாணக் காட்."

அவர் மெல்லக் கேட்டார்.

"அந்தப் பொடியனும் இருக்கிறானோ?"

"ஓம் பெரியப்பா. வேலையில நிக்கிறார்."

அவர் வாய்விட்டு அழுதார். அப்பாவின் செத்தவீட்டில்கூட அழாத மனிதர். பின்னால் அம்மா என்ன நடந்தது, என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெரியப்பாவால் சொல்ல முடியவில்லை. பிக்கரிங் வீட்டு வாசலில், சப்பாத்துகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த என்னாலும் சொல்ல முடியவில்லை.