மாமா எழுதிய ‘அஞ்சப்படுகிறது’

போன கிழமை என் மகன் இரண்டு மணித்தியாலம் தொலைபேசியை எடுக்கவில்லை. பற்றரி இறங்கிவிட்டதாம். சிரித்துக்கொண்டே வந்து சோறு கேட்டான். அந்த இரண்டு மணித்தியாலமும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரேயொரு சொல். அம்மாவின் தம்பி, என் மாமா, ஒருகாலத்தில் பத்திரிகைக்கு எழுதிய சொல் அது.

அப்போது எனக்குப் பத்து வயது. நாவற்குடாவில் இருந்தோம். அப்பா சவூதியில். எங்களோடு தங்கியிருந்த மாமா கொழும்புப் பத்திரிகையொன்றுக்கு மட்டக்களப்புச் செய்திகளை எழுதினார். அரைத்தாளில் எழுதி, கொழும்பு பஸ்ஸில் கொடுத்துவிடுவார். மூன்றாம் நாள் அது அச்சாகி வரும். அந்தத் தாள்களை முதலில் வாசிப்பவள் நான். செய்திக்குள் ஆட்களே இல்லை என்பதை அந்த வயதிலேயே கண்டுபிடித்திருந்தேன். நெல் விலை கூடியதாகத் தெரியவரும். யானை வந்ததாகச் சொல்லப்படும். தெரிந்தவர் யார், சொன்னவர் யார் என்று மாமா ஒருநாளும் எழுதியதில்லை.

அறுவடைக் காலத்தில் ஒருநாள் அண்ணன், வாவிக்கு அக்கரையில் வவுணதீவிலிருந்த எங்கள் வயலைப் பார்க்கப் புறப்பட்டான். பதினேழு வயது. பாலத்தை இராணுவத்தினர் மூடியிருந்தார்கள். அதனால் கூட்டாளிகள் இருவரோடு தோணியில் வாவியைக் கடக்கப் போனான். நடுவாவியில் காற்று தோணியைக் கவிழ்த்தது. கூட்டாளிகள் இருவரும் எங்கள் கரைக்கே நீந்தி வந்துவிட்டார்கள். அண்ணன் வரவில்லை.

கரைக்குப் போன மாமா பொழுதுபடத் திரும்பினார். சைக்கிளைச் சாத்திவிட்டு, முகம்கூடக் கழுவாமல் எழுத உட்கார்ந்தார். தோளுக்கு மேலால் எட்டி வாசித்தேன். இருவர் கரைசேர்ந்ததாகவும், மாணவர் ஒருவர் நீரில் மூழ்கி இறந்திருக்கலாம் என அஞ்சப்படுவதாகவும் எழுதியிருந்தார்.

அஞ்சுவது எனக்குத் தெரிந்த காரியம். என் அச்சம் வயிற்றில் இருந்தது. அம்மாவின் அச்சம் செபமாலை உருட்டும் விரல்களில் இருந்தது. தாளில் இருந்த அச்சத்துக்கு மட்டும் ஆளில்லை.

“ஆர் மாமா அஞ்சுற?” என்று கேட்டேன்.

“அது பேப்பர்ப் பாஷை, புள்ள. பேப்பர்ல ஆரும் பயப்பிர்றல்ல” என்றார். பேனையை மூடினார்.

அன்றிலிருந்து அவரை வெறுத்தேன். மறுநாளும் வழக்கம்போலச் சைக்கிளில் போனார், வந்தார், சாப்பிட்டார். அந்த நாட்களில் எங்கள் இளைஞர்கள் சட்டை இல்லாமல் வெளியே போனாலும் போவார்கள், அடையாள அட்டை இல்லாமல் போகமாட்டார்கள். வழியில் மறிப்பவர்களிடம் அது இல்லையென்றால் ஆள் வீடு திரும்புவது நிச்சயமில்லை. அண்ணனும் தன்னுடையதைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்திருப்பான். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். அடையாளக் காட் அவனோடு இருக்கிறது, எங்கே ஒதுங்கினாலும் ஆரென்று தெரிந்து கொண்டுவந்து விடுவார்கள் என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள். மாமாவுக்குச் சோறு போடும்போதும் சொன்னாள். அவர் தலையை நிமிர்த்தாமல் பிசைந்துகொண்டிருந்தார். இவருக்கு எப்படிச் சோறு இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பத்திரிகை வந்தது. அம்மா அந்தச் சிறு துண்டை இரண்டு தரம் வாசித்தாள்.

“செத்திட்டான் எண்டே எழுதியிருக்கலாமே, தம்பி. உனக்கு உன்ட பேப்பர்தான் பெரிசு.”

மாமா பத்திரிகையை வாங்கி மடித்து வைத்தார்.

அன்று முற்பகல் பாலத்தைத் திறந்தார்கள். முதலில் வந்தவர்களில் ஒருத்தி, அக்கரையான படுவான்கரையிலிருந்து எங்கள் தெருவுக்குத் தயிர் கொண்டுவரும் பெண். படலைக்கு வெளியே நின்றபடியே, சந்தையில் பார்த்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“உங்கட பொடியன் எங்கட ஊட்டதான் கிடக்கான். காச்சல். நீந்தேக்க சட்டையக் கழட்டிட்டானாம், காட்டும் அதோட போயிட்டு. காட் இல்லாம மறுகா எப்பிடிப் பாலத்தால வாற?”

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா எழுந்தார். தன் காற்சட்டையின் உள்பைக்குள் கைவிட்டு ஒரு பொலித்தீன் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே, ஓரம் நனைந்து ஊறிய அண்ணனின் அட்டை.

“நான் போய்க் கூட்டி வாறன்.”

“இது எப்ப கிடைச்ச?” என்றாள் அம்மா.

“முதல் நாளே. கரையில. சட்டையோட ஒதுங்கிக் கிடந்த.”

சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். நான் முற்றத்தில் துள்ளினேன். எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்திருக்கும் மாமாவின் கெட்டித்தனம் எனக்கு அப்போதுதான் பிடித்தது. அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, மூன்று நாளும் அழாத அழுகையை அழத் தொடங்கினாள். அண்ணன் உயிரோடிருக்கிறான் என்று தெரிந்த பிறகும் இவள் ஏன் ‘தம்பி, தம்பி’ என்று அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.