கல்லில் விழுந்த கற்பூரக் கறை

போன வருசம் வைகாசி மாதக் கடைசியில், இங்கிலாந்தில், கோதுமை வயலுக்கு நடுவில் இருக்கிற ஒரு பழைய கல்மேட்டில் நடந்தது இது. இன்றைக்கும் யாராவது நெருப்புப்பெட்டி தட்டினால் எனக்கு அந்த இருட்டு ஞாபகம் வரும்.

நான் பாரிசில், லா சப்பலில் இருக்கிறேன். விடிய எழும்பி ஒபர்வில்லியே பக்கம் போய், உத்தியோகத்தர்கள் வர முதல் இரண்டு கந்தோர்களைத் துப்புரவாக்கும் வேலை. பதினாறு வருசமாக இதுதான். எனக்கு எல்லாத்துக்கும் பயம். கேஸை நிற்பாட்டினேனா என்று மெத்ரோ வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பி வீட்டுக்கு ஓடுகிற ஆள் நான். கிழமைக்கு இரண்டு தரமாவது ஓடுவேன். "உனக்குப் பயப்பிட ஒண்டும் இல்லாட்டி, ஏன் இல்லையெண்டு பயப்பிடுவாய்" என்பார் என் மனுசன். அவரில் பிழையில்லை.

இங்கிலாந்துக்குப் போனது தங்கச்சியின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு. மனுசனுக்கு ரெஸ்ரோரண்டில் லீவு கிடைக்கவில்லை, நான் மட்டும்தான் வெளிக்கிட்டேன். வெளிக்கிடுவதற்கு முதல் நாள் பிரெபெக்தூர் என்கிற அரசாங்கக் கந்தோரில் இருந்து கடிதம் வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டு இரண்டு வருசமாகக் காத்திருந்த கடிதம். அடுத்த கிழமை வியாழக்கிழமை நேர்முகத்துக்கு வரச்சொல்லி. சந்தோசப்பட வேண்டிய நேரத்தில் நான் விரலை மடித்து நாளை எண்ணினேன். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் பள்ளிக்கூடம் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். இப்போது இந்த வயதில் பிரான்சின் ராசாமாரை வரிசையாகப் பாடமாக்கு என்றால் எப்படி? இரவில் படித்தது காலையில் வாளித் தண்ணீரோடு போய்விடும்.

கடிதத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போ என்றார் மனுசன். வீடு எரிந்தால்? மேல் வீட்டுக் குழாய் வெடித்தால்? ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பைக்குள் வைத்தேன். பக்கத்தில் திருநீறு, நெருப்புப்பெட்டி, ஃபொபூர் சேன்-தெனி தெருக் கடையில் வாங்கின கற்பூரப் பக்கற், ஈரத்துடைப்பான். இவை இல்லாமல் நான் மெத்ரோவில்கூட ஏறுவதில்லை.

சாமத்தியவீடு நல்லாய் நடந்தது என்று சொன்னார்கள். நான் கைப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் இரவு எட்டு மணிக்கு லண்டனில் இருந்து பாரிசுக்கு பஸ். பகல் சும்மாதானே என்று தங்கச்சியின் மனுசன் காரை எடுத்தார். "இவ்வளவு தூரம் வந்து மண்டபத்தையும் எங்கடை குசினியையும் மட்டும் பாத்திட்டே போகப்போறியள் அக்கா?" நல்ல மனிசன், வாய் கொஞ்சம் நீளம். ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பெரிய கல் வட்டத்தைத் தெருவில் கார் ஊர்ந்து போகும்போதே காட்டினார். "ரிக்கற் எடுத்துக்கொண்டு கிட்டப் போனாலும் இதே கல்லுத்தான்."

பிறகு, காசு கேட்காத இடம் ஒன்று இருக்கிறது என்று கூட்டிக்கொண்டு போனார். வயலுக்குள்ளால் ஒற்றையடிப் பாதை, கால் மணித்தியாலம் ஏற்றம். நான் வழியெல்லாம் நேரம் கேட்டுக்கொண்டே ஏறினேன். மேலே புல் முளைத்த நீண்ட மேடு. அதன் வாசலில் ஆளைவிட உயரமான கற்கள். உள்ளே குனிந்து போனால் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன அறை, நேரே கடைசியில் ஒரு அறை. சுவரும் கல், கூரையும் கல். குளிர்ந்த ஈர மணம். அச்சொட்டாகக் கோயில் மூலஸ்தானம்.

யாரோ கல் விளிம்பில் பூ வைத்திருந்தார்கள். சின்ன மெழுகுதிரிகள் உருகிக் கிடந்தன. கும்பிடுகிற இடம்தான், பிறகென்ன? தங்கச்சி வெளியில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மனுசன் மேட்டில் நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தார். நான் கடிதத்தை எடுத்துக் கல்லில் சாத்தி வைத்தேன். கற்பூரம் இரண்டு வில்லை. கேட்கிற கேள்விக்குப் பதில் வாயில் வரவேணும், நாக்குத் தடக்கக்கூடாது, கார்த் என்கிற வதிவிட அட்டை மாதிரித் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கிற கடதாசி இல்லாமல் ஒரேயடியாக ஒரு கடதாசி கிடைக்கவேணும். கொளுத்தினேன்.

அணைந்த பிறகு போன் வெளிச்சத்தில் பார்த்தால் கல்லில் உள்ளங்கை அளவு கறுப்பு. கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல. என் கை சும்மா இருக்குமா? ஈரத்துடைப்பானை எடுத்துத் தேய்த்தேன். உள்ளங்கை அளவு இருந்தது இரண்டு கை அகலத்துக்குப் பரவியது. இன்னும் தேய்த்தேன், கல்லின் சொரசொரப்புக்குள்ளே கரி இறங்கியது. பதினாறு வருசத்தில் என் கையால் ஒரு கறை பெருத்தது அதுதான் முதல் தரம். துடைப்பானைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு வெளியில் வந்து, "வடிவாயிருக்கு" என்று மட்டும் சொன்னேன்.

அங்கிருந்து ஒரு பழைய கிராமத்துக்குப் போனோம். வைக்கோல் கூரை வீடுகள், நெற்றி முடி கண்ணில் விழுந்த பிள்ளைகள் மாதிரி நின்றன. கல்லுப் பாலம், தேவாலயம், வாசலுக்கு வாசல் பூ. தங்கச்சி என்னை நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்தாள். எல்லாப் படத்திலும் நான் ஏதோ களவெடுத்தவள் மாதிரி நிற்கிறேன்.

தேத்தண்ணிக் கடையில் இருந்தபோது தங்கச்சியின் மனுசன் போனை நோண்டிக்கொண்டு சிரித்தார். "அக்கா, நாங்கள் பாத்தது கோயில் இல்லையாம். ஆக்களைப் புதைச்ச இடமாம். பெரியாக்கள், சின்னப்பிள்ளையள், எல்லாற்றை எலும்பும் எடுத்திருக்கினம்."

நான் கோப்பையை மேசையில் வைத்தேன். "அப்ப செத்தவீட்டுத் துடக்கெல்லோ? குளிக்க வேணுமே?"

"ஐயாயிரம் வருசத்துத் துடக்கு இன்னுமே இருக்கும் அக்கா? முப்பத்தொண்டாம் நாள் எப்பவோ முடிஞ்சிருக்கும்."

தங்கச்சி சிரித்தாள். அவர் மேலே வாசித்தார். உள்ளே மெழுகுதிரி கொளுத்தக்கூடாதாம், புகை கல்லைப் பழுதாக்குமாம், பழுதாக்குவது குற்றமாம். அதற்குமேல் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. வியாழக்கிழமை. பொலிஸ். கமெரா இருந்திருக்குமோ? என் தொசியேக் கோப்பில் சிவப்பு மையால் எழுதி மூடிவிட்டால் என்ன செய்வது? கடைசியில் கைப்பையைத் திறந்து கறுத்த துடைப்பானை மேசையில் வைத்தேன். சொன்னேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு அவர், "ஆர் கண்டது? விடுங்கோ அக்கா" என்றார்.

"திரும்பிப் போவம். தண்ணி கொண்டுபோய் வடிவாத் துடைச்சுப்போட்டு வாறன்."

"எட்டு மணிக்கு பஸ். விளையாடுறியளே?"

தங்கச்சிதான் எனக்காகக் கதைத்தாள். "கூட்டிக்கொண்டு போங்கோ. இல்லாட்டி நாளைக்கு விடிய பாரிசிலையிருந்து போன் எடுத்து உங்களைத்தான் திரும்பி அனுப்புவா."

அவர்கள் காரில் இருக்க, நான் தண்ணீர்ப் போத்தலும் கடையில் கேட்டு வாங்கின துணியுமாக அந்த ஏற்றத்தைத் தனியாக ஏறினேன். ஏறினேன் என்று சொல்லக்கூடாது, ஓடினேன். யாருக்கும் தெரியாமல் துடைத்துவிட்டு இறங்குவதுதான் என் எண்ணம். பிழையை ஒப்புக்கொள்ளப் போனேன் என்று இப்போது சொன்னால் அது பொய்.

உள்ளே வெளிச்சம் தெரிந்தது. அறுபது வயது மதிக்கலாம், ரப்பர் சப்பாத்துப் போட்ட ஒரு வெள்ளைக்கார மனுசி, தலையில் லைற் கட்டிக்கொண்டு என் கறைக்கு முன்னால் முழங்காலில் இருந்தா. பக்கத்தில் வாளி, மெல்லிய தூரிகைகள். வாளிக்குள் மற்றவர்கள் விட்டுப்போன பூவும் மெழுகும். என்னைத் திரும்பிப் பார்த்து இங்கிலிசில் ஏதோ சொன்னா. பாருங்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்ற மாதிரி, எங்கேயோ இருக்கிற யாரையோ திட்டின குரல்.

அவவுக்கு நான் இன்னொரு சுற்றுலாப் பயணி. போத்தலும் துணியும் முதுகுக்குப் பின்னால். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்திருக்கலாம். வாசலில் வெயில் தெரிந்தது. கால் ஒரு அடி திரும்பியும்விட்டது. அப்போதுதான் வாய் முந்திக்கொண்டது. "செ முவா" என்றேன், நான்தான் என்று. பயத்தில் இங்கிலிசு எங்கே வரும்?

அவ என்னையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு பிரெஞ்சில் கேட்டா, "நீங்களா?" இந்த மேட்டைக் கவனிக்கிற ஆளாம், இளவயதில் ஒரு வருசம் பிரான்சில் திராட்சை பிடுங்கப் போயிருந்தாவாம். அந்தப் பிரெஞ்சு என்னுடையதைவிட மோசம். சொல்லை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தா. நானும் அப்படித்தான்.

பரவாயில்லை என்று அவ சொல்லவில்லை. இது பாரதூரமான விசயம் என்றா. நான் தண்ணீர்ப் போத்தலைத் திறக்கப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்தா. தேய்க்கக்கூடாதாம். தேய்த்ததுதான் புகையைவிடக் கூடாத வேலையாம். முழுக்கப் போகாது, முடிந்ததை எடுக்கலாம், நீங்கள் வெளிச்சம் பிடியுங்கள் என்று ஒரு டோர்ச்சைத் தந்தா. துப்புரவு வேலைக்காரியான நான் கறையைத் தொடாமல் முக்கால் மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ தூசி தட்டுவதுபோலத் தூரிகையால் தொட்டுத் தொட்டு எடுத்தா.

நடுவில், என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டா. கடதாசி என்றேன். கடிதத்தை எடுத்துக் காட்டினேன். வாசித்துவிட்டு, "இங்கே வருகிறவர்கள் சுகம் கேட்பார்கள், காதல் கேட்பார்கள். பிரெபெக்தூரைப் பற்றிக் கேட்டது நீங்கள்தான் முதல் ஆள்" என்றா. அப்போதுதான் அவவின் முகம் கொஞ்சம் இளகியது.

முடிந்ததும் ஒரு கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினா. என் பெயரும் வேணுமா என்று கேட்டேன். "கல்லின் இலக்கத்தைத்தான் எழுதுவேன்" என்றா, தலை நிமிராமல்.

அந்த நேரம் வாசலில் மூச்சு வாங்குகிற சத்தம். தங்கச்சியின் மனுசன். உள்ளே போன் எடுக்காததால் ஏறி வந்திருக்கிறார். நான் முழங்காலில், கையில் டோர்ச், பக்கத்தில் வாளி. "என்னக்கா, இஞ்சையும் கிளீனிங்கே?" என்றார். பஸ் கதவு சாத்தப் போகிற நேரத்துக்குத்தான் லண்டனில் என்னை ஏற்றிவிட்டார். பாவம்.

வியாழக்கிழமை வந்தது. ராசாமாரில் இரண்டு பேரை மாற்றிச் சொன்னேன். கடைசியில் அந்தக் கந்தோர்ப் பெண், பிரான்சிலோ வெளிநாட்டிலோ சட்டத்தோடு ஏதாவது பிரச்சினை உண்டா என்று கேட்டா. "நோன் எண்டு மட்டும் சொல்லு" என்று மனுசன் படிப்பித்து அனுப்பியிருந்தார். நான் கல்லின் கதையைச் சொல்லிவிட்டேன். தட்டச்சில் இருந்த அவவின் விரல்கள் நின்றன. பொலிஸ் வந்ததா? இல்லை. தண்டம்? இல்லை. பிறகு, "கறை போனதா?" என்றா. "முழுக்கப் போகவில்லை" என்றேன். அவ ஒன்றும் எழுதாமல் அடுத்த கேள்விக்குப் போனா.

சொல்லித்தானே அனுப்பினேன் என்று மனுசன் இரண்டு நாள் திட்டினார். முடிவு இன்னும் வரவில்லை. தபால்பெட்டியை ஒரு நாளைக்கு இரண்டு தரம் திறந்து பார்க்கிறேன். கேஸைப் பார்க்க இப்போதும் மெத்ரோ வாசலில் இருந்து திரும்பி ஓடுகிறேன், ரூ பஜோல் தெரு மூலையில் நிற்கிற தெரிந்த முகங்கள் சிரிக்கின்றன. சிரிக்கட்டும். அந்தக் கல்மேட்டுக்கு என்னைத் திரும்பக் கொண்டுபோனதும் இதே பயந்த கால்கள்தான் என்று தெரிந்த பிறகு, அவற்றை நான் முன்போலத் திட்டுவதில்லை.