கோணல் ஸ்டேஷனுக்குக் கிடைத்த முதல் பரிசு

வெர்னன் ஷிம்கோ ஒரு நிலக்கரி வேகனைச் செய்து முடிக்கக் குளிர்காலம் முழுவதையும் எடுத்துக்கொள்வார். உள்ளங்கையில் அடங்குகிற வேகன் அது. மரக்கீற்றுகளைப் பலகை பலகையாக வெட்டி ஒட்டுவார். முடி போன்ற பித்தளைக் கம்பியை வளைத்து ஏணிப்படி வைப்பார். பெயிண்ட் அடிப்பார்; காய்ந்ததும் அதையே சுரண்டி, துரு நிறச் சாக்பீஸ் தூளைத் தேய்த்து, பல வருஷம் மழையில் நின்ற வண்டியாக மாற்றிவிடுவார். பென்சில்வேனியாவின் மலைகளுக்குள் கிடக்கும் எங்கள் ஊரில் பல்செட் செய்யும் லேப் ஒன்று உண்டு. ஆயுசு முழுக்க அதில்தான் வேலை பார்த்தார். அந்த விரல்களுக்குச் சின்ன வேலை பழக்கம்.

அவருடைய மனைவி லொரெய்னும் நானும் பள்ளிக்கூடச் சமையலறையில் ஒன்றாக வேலை செய்தோம். அதனால் அந்த வீட்டுக்குள் நடப்பது எனக்குத் தெரியும். கிளப்பில் நடந்ததைப் பிறகு ஊரார் சொல்லித்தான் கேட்டேன்.

தீயணைப்பு நிலையத்தின் அடித்தளத்தில் மாடல் ரயில் கிளப் இருந்தது. சனிக்கிழமை மதியங்களில் கூடுவார்கள். அறையை அடைத்துக்கொண்டு ஒரு மேடை. அதில் பிளாஸ்டர் மலைகள், சுரங்கப் பாதை, ஆற்றுப்பாலம், ஒரு நிலக்கரி ஊர். ஒவ்வொருவரும் வீட்டில் செய்த வண்டியையோ கட்டடத்தையோ கொண்டுவந்து அதில் வைப்பார்கள். வைத்தவுடனே வெர்னன் சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுப்பார்.

"என்னய்யா இது, பசை இப்படி ஒழுகுது? வண்டிக்கு ஜலதோஷமா?"

"இந்த ஏணியில ஏறினவன் கீழ இறங்க மாட்டான், நேரா சொர்க்கத்துக்குத்தான்."

எல்லாரும் சிரிப்பார்கள். செய்தவனும் சிரித்தாக வேண்டும். வெர்னன் அளவுக்கு யாராலும் செய்ய முடியாது என்பதால் திருப்பிப் பேச ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஆல்பர்ட் ரீஸ் பள்ளிப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கை நடுக்கம் வந்துவிட்டது. அந்த நிலையிலும் எப்படியோ ஒரு தண்ணீர்த் தொட்டியைச் செய்துகொண்டு வந்தார். நான்கு கால் தொட்டி. ஒரு கால் சற்றே வெளியே போயிருந்தது. வெர்னன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"யோவ் ஆல்பர்ட், இதைக் கையால செஞ்சியா, காலால செஞ்சியா?"

"கை நடுங்குது வெர்னன். டாக்டர் மாத்திரை குடுத்திருக்கார்."

"அப்போ மாத்திரையை முழுங்கிட்டு வீட்ல டிவி பாரு. இதை எங்க மலைமேல வெச்சா, பாக்கறவன் நிலநடுக்கம்னு நெனச்சு ஓடிடுவான்."

சொல்லிவிட்டு, காபிக் கோப்பைகள் கிடந்த குப்பைக் கூடையில் அதைப் போட்டார். ஆல்பர்ட் குனிந்து பொறுக்கி, ஒட்டியிருந்த காபித்தூளைத் தட்டி, கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு படியேறினார். பிறகு கிளப் பக்கம் வரவில்லை. ஒரு வருஷம் கழித்து நோய் முற்றி இறந்துபோனார். அவருடைய மகளைக் கட்டிய கீத் ப்ரன்னரும் கிளப் உறுப்பினன்தான். குப்பைக் கூடை விஷயம் நடந்தபோது அவனும் அங்கேதான் நின்றிருந்தான்.

கீத் கிளப்பின் தலைவர் ஆன சமயத்தில் வெர்னனுக்குக் கண் போக ஆரம்பித்தது. நேராகப் பார்ப்பது மட்டும் அழிந்துபோகும் வியாதி. ஓரத்தில் ஏதோ தெரியும். பார்க்க நினைத்த இடத்தில் சாம்பல் நிறத் திட்டு நிற்கும். லொரெய்னைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை, அவளையும் சொல்லவிடவில்லை. முழங்கால் வலி என்று காரணம் சொல்லி கார் ஓட்டுவதை நிறுத்தினார்; லொரெய்ன்தான் கிளப் வாசலில் இறக்கிவிடுவாள். வீட்டின் கீழ்த்தள அறையில் விளக்கைக்கூடப் போடாமல், விரல் பழக்கத்தை மட்டும் நம்பி வேலையைத் தொடர்ந்தார். அவர் செய்வதை லொரெய்ன் பார்த்ததே இல்லை. "உன் கை கரடிக் கை, கிட்ட வராதே" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருந்தார். செய்தது மூடிய ஷூ டப்பாவில்தான் வெளியே போகும்.

அந்த வசந்தத்தில் டப்பாவிலிருந்து ஒரு ஸ்டேஷன் வெளியே வந்தது. கூரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஜன்னல்கள் ஏறியும் இறங்கியும் இருந்தன. கதவு தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தது. ஊர்ப்பெயர்ப் பலகையில் ஓர் எழுத்து திரும்பிக் கிடந்தது. கீத் ஸ்டேஷனையும் வெர்னனையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வெர்னனுக்கு நேர் எதிரே போய் நின்று நாக்கை முழுசாக நீட்டினான். வெர்னன் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"மாஸ்டர்," என்றான் கீத், "இதுவரைக்கும் நீங்க செஞ்சதுலயே இதுதான் டாப்."

மற்றவர்களுக்குப் புரிய நேரமாகவில்லை. ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினான்.

அதன்பிறகு அது வாராவாரம் நடந்தது. மேடையின் முன்வரிசையில் ஸ்டேஷனை வைத்தார்கள். பிளாட்பாரத்தில் வாந்தி எடுக்கும் ஒரு குட்டி பொம்மையை யாரோ ஒருவன் ஒட்டினான். போட்டோக்கள் ஊரெங்கும் போனில் சுற்றின; லொரெய்னுக்கும் எனக்கும் மட்டும் யாரும் காட்டவில்லை. "மாஸ்டர், அடுத்து ஒரு சர்ச் செஞ்சு குடுங்களேன்" என்று கேட்டு வாங்கினார்கள். வெர்னன் இரவும் பகலும் உழைத்தார். சர்ச் கோபுரம் வீச்சரிவாள் மாதிரி வளைந்து வந்தது.

நவம்பரில் கிளப்பைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள். லொரெய்னும் நானும் பியரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு முதல்முறையாகக் கீழே இறங்கினோம். சுவரோரம் வெர்னன் டை கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில், ஸ்டேஷனுக்கென்று கிளப் கொடுத்த முதல் பரிசுக் கேடயம். எதிரே ஒரு கூட்டம் ஸ்டேஷனைப் பார்த்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. லொரெய்ன் எட்டிப் பார்த்தாள். தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்தபடியே நின்றாள்.

"எவ்ளோ நாளா நடக்குது இது, கீத்?"

"வசந்தத்துலேர்ந்து."

"அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எப்படிச் சொல்றது? என் மாமனார்கிட்ட அவர் சொன்னாரே, அந்த மாதிரியா?"

லொரெய்ன் பியரோகியை என் கையில் திணித்துவிட்டுப் போய் வெர்னனின் தோளைப் பிடித்து எழுப்பினாள்.

திரும்பும்போது நான் காரின் பின்சீட்டில் இருந்தேன். வெர்னனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இந்தப் பயலுங்களுக்கு இப்பதான் நல்ல வேலை எது, கெட்ட வேலை எதுன்னு புரிய ஆரம்பிச்சிருக்கு" என்றார். கொஞ்ச தூரம் போனதும் மனைவி பக்கம் திரும்பினார். "கிளம்பும்போது உன் பியரோகில ஒண்ணு எடுத்துத் தின்னேன். மாவு செருப்புத் தோல் கணக்கா இருந்துச்சு. இந்த வயசுக்கு மேலயா கத்துக்கப் போறே?"

லொரெய்ன் காரை ரோட்டோரம் நிறுத்தினாள்.

"வெர்னன், உன் ஸ்டேஷன் கோணல்."

"என்ன?"

"கூரை சரிஞ்சு கெடக்கு. கதவு தலைகீழ். பேர் எழுதத் தெரியாதவன் எழுதின மாதிரி பலகை. அந்த ஸ்டேஷன்ல டிக்கெட் வாங்கினவன் ஆஸ்பத்திரிக்குத்தான் போவான். வசந்தத்துலேர்ந்து ஊரே சிரிக்குது. உன் மூஞ்சிக்கு நேரா நாக்கை நீட்டிச் சிரிக்கிறானுங்க. இன்னைக்கு நானும் சிரிச்சேன்."

அவள் சிரிக்கவில்லை. நான்தான் பக்கத்தில் இருந்தேனே. அந்தக் கடைசி வரியை அவளாகச் சேர்த்தாள்.

வெர்னன் கேடயத்தின் எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். லாரி ஒன்று எங்களைக் கடந்து போனது.

"யார் ஆரம்பிச்சது? ஆல்பர்ட்டோட மருமகனா?"

"ஆமா."

"ம்."

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை ஷூ டப்பாவோடு வீட்டு வாசலில் நின்றாராம். லொரெய்ன் திகைத்துப்போய், "அங்கயா போறே?" என்று கேட்டிருக்கிறாள்.

"வேற எங்க போறது? எனக்குத் தெரியும்னு மட்டும் அவனுங்ககிட்ட சொல்லிடாதே."

குளிர்காலம் முழுக்கப் போனார். கோணல் சிக்னல் கூண்டையும் கோணல் பாலத்தையும் கொடுத்து, அவர்கள் "பிரமாதம் மாஸ்டர்" என்றதற்கெல்லாம் நன்றி சொன்னார். நாளாக ஆக அவர்களுக்கே அலுத்துவிட்டது. கட்டடங்களை அட்டைப்பெட்டியில் போட்டு மேடைக்கு அடியில் தள்ளினார்கள். கேலி செய்யக்கூட அவரிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை. குட்டி ரயில்கள் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் கீத் கிளப் வாசலிலேயே லொரெய்னை மடக்கினான். "இனிமே கூட்டிட்டு வராதீங்க. படியில விழுந்து வெச்சா எங்க தலையில விடியும்."

அவள் காருக்குத் திரும்பி வந்து, "கிளப்பை மூடிட்டாங்களாம் வெர்னன்" என்றாள்.

உள்ளே ரயில் ஓடுவது வாசலில் நின்ற கார்வரை கேட்டிருக்கிறது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "பொய்யையாவது ஒழுங்கா சொல்லக் கத்துக்கோ" என்றார்.

இப்போதும் அந்த வீட்டுக்கு நான் போவதுண்டு. வெர்னன் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, சூப்பில் உப்பு அதிகம், தரையில் பிசுக்கு, கதவைச் சாத்தத் தெரியவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பார். லொரெய்ன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டுப் பாத்திரம் தேய்ப்பாள்.