நண்டுக் கொடுக்கில் ஒரு பச்சை நூல்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் இல்லை, ஏரிக்கரைப் பசியாவரத்து வளர்மதி. மீன் பெட்டியைத் தானே திறந்து பார்த்தால்தான் உள்ளே ஐஸ் இருக்கிறது என்பாள். விமான நிலையத்தில் பட்டாசு வெடித்துப் பறவை விரட்டுகிற வேலை கிடைத்திருக்கிறது என்று புருஷன் தருமன் சொன்னபோது, "அதுக்குன்னு ஒரு வேலையா? வேற இன்னாவோ பண்ற நீ" என்று ரொம்ப நாள் அவனை முறைத்தவள். அப்பேர்ப்பட்டவளிடம் எதை மறைக்க முடியும்?

அவள் தங்கை மாலா அதே விமான நிலையத்து மதிலோரம் மீன்கடை போட்டிருந்தாள். புருஷன் இல்லாதவள், இரண்டு பெண் பிள்ளைகள், அந்தக் கடைதான் சோறு. அதற்கு ஏரி நண்டுகளின் கொடுக்கை நூலால் கட்டி, மீஞ்சூரில் ரயிலேறும் கூடைக்காரிகளிடம் கொடுத்தனுப்புவது வளர்மதி. கழிவை எங்கே கொட்டுவது என்று மாலா கேட்டதற்கு, "மதிலுக்கு அந்தாண்ட வீசுடி, பருந்து தின்னுட்டுப் போவுது" என்று யோசனை சொன்னதும் அவள்தான். ஏரிக்கரையில் எல்லோரும் செய்வது அதுதானே.

போன வாரம் விமான நிலையத்து ஆட்கள் வந்து கடையைத் தூக்கிவிட்டார்கள். கழிவுக்குப் பருந்து கூடுதாம், விமானத்துக்கு ஆபத்தாம்.

"எவனோ போட்டுக் குடுத்துட்டான்க்கா" என்று போனில் அழுதாள் மாலா.

பக்கத்துக் கடைக்காரன், பூக்காரி, வாடிக்கைக்காரர்கள் என்று வளர்மதி ஒருத்தரை விடாமல் சந்தேகப்பட்டாள். மறுநாள் துவைக்க நனைத்த தருமன் சட்டைப் பையில் ஏதோ குத்தியது. ஒடிந்த நண்டுக் கொடுக்கு, அதில் பச்சை நூல். பழைய வலையில் பிரித்த நூல். இரட்டைச் சுற்று, ஓரத்தில் குட்டி முடிச்சு. அவள் கட்டுதான்.

"இன்னாய்யா இது?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த தருமன் நிமிர்ந்தான். "ஓடுபாதையில கெடந்துச்சு. பக்கத்துலயே பருந்து. எறங்குற விமானத்துல அடிபட்டுச் செத்துப்போச்சு."

"அதுக்கு?"

"விமானம் முழுக்க ஜனம்மே. அந்தாண்ட வீசாதன்னு மாலாவாண்ட எத்தினி தபா சொன்னேன்? அக்கா சொல்லிச்சுன்னு வீசிக்கினே இருந்தா. நான்தான் ஆபீஸ்ல சொன்னேன்."

ஈரச் சட்டையை ஓங்கியவளுக்குக் கை இறங்கவில்லை. பாவி, சொந்த மச்சினி சோத்துல மண்ணைப் போட்டானே என்று நெஞ்சு எரிந்தது. போட்ட மண்ணில் ஒரு கை தன்னுடையது என்றும் தெரிந்தது.

போன் அடித்தது.

"யாருன்னு தெரிஞ்சுதாக்கா?"

வளர்மதி கொடுக்கை இடுப்பில் செருகிக்கொண்டாள். "தெரியலடி."

மாலாவும் அதே வயிற்றில் பிறந்தவள்.

"இன்னாக்கா, இன்னாவோ மறைக்கிற நீ?"