ஹீலியம் தீர்ந்த தொலைநோக்கியும் என் மகளின் விண்ணப்பமும்

விழுப்புரத்தில் ஃபிரிட்ஜ், ஏசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். 2009 ஜூனில் ஒரு சனிக்கிழமை, மகள் யமுனாவோடு புதுச்சேரிக்குப் போனேன். ஊர் சுற்ற அல்ல. பேரண்டத்தின் முதல் விண்மீன் திரள்களைப் பற்றி அங்கே ஒரு வானியலாளர் தமிழில் பேசுகிறார் என்று நச்சரித்துவிட்டாள். பிளஸ் டூ முடித்தவள், இயற்பியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எனக்கோ இன்ஜினியரிங் ஆசை. நான் கையெழுத்துப் போடாத விண்ணப்பம் அவள் பையில் இருந்தது. திங்கட்கிழமை கடைசி நாள்.

மதியம் ஒன்றரைக்குப் பேருந்து. நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், ஆளுக்குப் பதினான்கு ரூபாய். இறங்கியதும் கடற்கரைச் சாலைக்கு ஆட்டோக்காரர் எழுபது கேட்டார்.

"இன்னா சார், இந்த வெயில்ல பொண்ண நடக்க வெச்சா கூட்டினு போவ?"

ஐம்பதுக்கு ஏறினோம். அரங்கில் ஏசி ஓடவில்லை. என் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

மூன்றரைக்கு அந்த வானியலாளர் பேசினார், ஒரு பெண்மணி. சுமார் ஆயிரத்து முந்நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளி, அண்டவெளி விரிய விரியத் தானும் நீண்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாகிவிடுகிறதாம். அதைப் பிடிக்கும் தொலைநோக்கி சூடாக இருந்தால், அதன் சொந்தச் சூடே அகச்சிவப்பாக வீசி அந்த மங்கலான ஒளியை மறைத்துவிடும். அதனால் ஹீலியத்தால் குளிர்விக்கிறார்கள். கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விண்வெளியில் அப்படி ஒன்றில் போன மாதம் ஹீலியம் தீர்ந்துவிட்டது என்றதும், என்னையறியாமல் எழுந்துவிட்டேன்.

"கேஸ் காலின்னா யாரும்மா போயி ரொப்புவாங்க?"

அரங்கமே சிரித்தது. யமுனா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குச் சுருக்கென்றது.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "யாராலயும் போக முடியாதுங்க. ஆனா வெயில் படாம மறைப்பு இருக்கு, அந்தக் குளிர்ச்சியிலயே ரெண்டு கேமரா வேலை செய்யும். முதல் திரள்களத் தேட அந்த ரெண்டும்தான் முக்கியம்."

ஐந்தரைக்குக் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்தோம்.

"மானத்த வாங்கிட்டனாம்மா?"

"அய்ய, இல்லப்பா." நோட்டைப் பிரித்துக் காட்டினாள். பேச்சு முழுவதும் அதில் இருந்தது. ஓரத்தில், என் கேள்விக்கு முன்பே அவள் எழுதியிருந்தாள்: 'தீர்ந்தால் எப்படி நிரப்புவது?' கீழே அந்த அம்மா சொன்ன பதில். "அவங்க சொல்ற பதில எழுதறதுக்குத்தான் குனிஞ்சேன். நம்ம கடையில வளந்தவளுக்கு வேற இன்னா கேக்கத் தோணும்?"

விண்ணப்பத்தைக் கேட்டேன்.

புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு: வெயில் கடுமை, குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். எங்களுக்குத் திரும்ப ஏழு மணிக்குப் பேருந்து கிடைத்தது. மறக்காமல் ஒரு பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். நான் சுண்டல்காரரிடம் கேட்டு வாங்கித்தான் கையெழுத்துப் போட்டேன். யமுனாவின் பேனா எழுதி எழுதியே தீர்ந்திருந்தது.