ஏல நோட்டீசு எழுத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை

எங்கள் காரைக்கால் அச்சகத்தில் பிரெஞ்சு எழுத்துகளுக்கு நாலைந்து கேஸ், அதாவது எழுத்துப் பெட்டிகள், இருந்தன. அதில் எனக்கு உயிர் 'கிரா'. தடித்த எழுத்தைப் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்கள். தண்டு கனமாக இருக்கும். ஒவ்வொரு எழுத்தும் தரையில் பாதம் பதித்து அசையாமல் நிற்கும். கடல் காற்றில் நமுத்த மட்டக் காகிதத்தில் மற்ற எழுத்துகள் மூக்கும் முழியும் தெரியாமல் போய்விடும். கிரா மட்டும் பளிச்சென்று விழும். ஏல நோட்டீசு, கப்பல் அறிவிப்பு, தைல பாட்டில் லேபிள் எல்லாம் அதில்தான். கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

ஐம்பதுகளின் தொடக்கம். சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்து ஊர் திரும்பிய அபூபக்கர் மரைக்காயர், மகள் நிக்காஹ் பத்திரிகைக்கு ப்ரூஃப் பார்க்க வந்தார். சைகோன் நண்பர்களுக்காகப் பிரெஞ்சில் அடிப்பது. வாசகம் எழுதிய அவர் தம்பியும் கூட வந்திருந்தார். கஸ்டமர் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் மெஷினில் ஏற்றுவோம். மரைக்காயர் தாளை வாங்கியதும் பேனா கேட்டார்.

"படிச்சிட்டீங்களா?" என்றேன்.

"தம்பி பாத்துட்டாரு. அது போதும்."

நான் பேனாவைத் தேடுவதற்குள், எதிர்ச் சுவரில் காயப்போட்டிருந்த ஏல நோட்டீசைக் கடகடவென்று வாசித்தார். குரும்பகரத்து நிலம் என்றார், தேதியும் சொன்னார். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. கண்ணில் புரை. தடித்த எழுத்து தெரிகிறது, பொடி எழுத்து தெரியவில்லை, அதைத் தம்பி எதிரில் சொல்லவும் மனமில்லை.

"மை சரியா ஏறலைங்க. கொஞ்சம் இருங்க, வேற டைப்புல எடுத்துத் தரேன்" என்று சமாளித்தேன்.

கிராவைக் கோக்க ஆரம்பித்ததும் தம்பி கடுப்பானார். "எங்க வீட்டுப் பொண்ணை ஏலத்துக்கா விடுறோம்?"

பாதியிலேயே 'e' தீர்ந்துவிட்டது. பிரெஞ்சுக்கு அந்த எழுத்து எவ்வளவு இருந்தாலும் பத்தாது. முதல் பாதியை அடித்து, எழுத்தைப் பிரித்து மறுபடி கோத்து, அதே தாளில் மறுபாதியை அடித்தேன்.

மரைக்காயர் ஒவ்வொரு வரியாக வாய்விட்டு வாசித்தார். முடிந்ததும் மறுபடி முதல் வரிக்குப் போனார்.

"மைமூன் பேரு எங்க?"

மைமூன் அவர் மனைவி. காலமாகி அதிக நாள் ஆகவில்லை.

"மவுத்தானவங்க பேரை எப்படிப் போடுறது, நானா? அதான் விட்டுட்டேன்" என்றார் தம்பி அண்ணனிடம்.

"பெத்தவ அவதானே. கல்யாணத்தைப் பாக்கத்தான் கொடுத்து வைக்கல. பேராவது இருக்கட்டும்."

தம்பி வாசகத் தாளில் மைமூன் பேரை ஒரு வரியாகச் சேர்த்தார். மரைக்காயர் என் பக்கம் திரும்பி, "அந்த வரியை மட்டும் இந்த எழுத்துலயே போடுங்க" என்றார்.

மெல்லிய எழுத்துகளுக்கு நடுவே கிராவில் ஒற்றை வரி. எங்கள் தொழில் கணக்குப்படி அது லட்சணக் கேடு. ஆனால் நான் அடித்ததிலேயே அழகான பத்திரிகை அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். இப்போது தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று: படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவரிடம் கோபப்படாதீர்கள், எழுத்தை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்.

பத்திரிகைக் கட்டை வாங்க அவர் தனியாக வந்தார். ஒன்றை உருவிக் கையை நீட்டிப் பிடித்து அந்த வரியை வாசித்தார். மீதியை நான் வாசித்துக் காட்டட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"வேணாங்க" என்றார். "இது போதும்."